முள்ளந்துறைக்காரர்கள் பின்னம் படித்தது

பனிதாசன் பாதியாகத் திரும்பி வந்த அன்று முள்ளந்துறைக் கடற்கரையில் சாளை குவிந்து கிடந்தது. ஆகவே அவன் வந்ததை ஊர் உடனே கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் தலையில் கூடை இருந்ததால் நிற்கவில்லை, அவன் பாட்டுக்கு நனைந்த கைலியோடு மீன் குவியல்களுக்கு நடுவே நடந்து, சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டி, தன் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏட்டி, தண்ணி தா" என்றான். குரல் பாதிதான் வந்தது. பெண்டாட்டி மெற்றில்டா செம்பை நீட்டினாள். அவன் பாதி குடித்துவிட்டுத் திருப்பித் தந்தான். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அதைச் செம்போடு கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள்.

கார்த்திகைப் புயலில், அருளப்பன் மகன் ரூபனோடு வள்ளத்தில் போனவன் அவன். இரண்டு பேரும் வரவில்லை, வள்ளத்தின் பலகை ஒன்று மட்டும் வந்தது. உடல் கிடைக்காதவனுக்கு அந்த ஊரில் செய்கிற வழக்கப்படி அவனுடைய நல்ல சட்டையைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அப்போது மெற்றில்டா அழவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "அழுதிரு பிள்ளே, அழுதாத்தான் நெஞ்சு எளகும்" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள், பக்கத்து வீட்டுத் திரேசா மைனி அவளுக்கும் சேர்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், அப்படியும் அவளுக்கு வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவளுக்குக் கால் மரத்துப்போவதுபோல அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை மரத்திருந்தது. அசைந்தால் ஆயிரம் ஊசி குத்தும் என்று தெரியும், அதனால் அசையாமல் இருந்தாள். இப்போது அவன் திரும்பி வந்து நின்றபோதும் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. உலையில் இன்னும் ஒரு கை அரிசி போட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பாதி என்றதும் கத்தியால் வகுந்த மீனை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கை இரண்டும் இருந்தன, கால் இரண்டும் இருந்தன, நெற்றியில் பழைய தழும்புகூட அப்படியே இருந்தது. ஆனால் கட்டிலில் படுத்தால் கயிறு பாதிதான் தாழ்ந்தது, வெயிலில் நின்றால் நிழல் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் விழுந்தது, எங்கே இருந்தாய் இத்தனை நாள் என்று கேட்டால் "அங்கனதான், அந்த..." என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டான். ஏலக்கூடத்துத் தராசில் ஏற்றினார்கள். போன திருவிழாவில் விளையாட்டுக்கு நிறுத்தபோது அறுபத்து நாலு கிலோ இருந்தவன் இப்போது முப்பத்திரண்டு இருந்தான். ஒரு பொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அப்ப சரி, பாதிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தராசில் வைத்தார்கள்.

முள்ளந்துறைக்கு இது பெரிய விஷயமாகப் படாததற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் ஆளைப் பங்கால்தான் அளப்பார்கள். வலை இழுக்கிறவனுக்கு ஒரு பங்கு, புதிதாக வந்தவனுக்கு முக்கால், கரையிலிருந்து கயிறு பிடிக்கிற வயசாளிக்கு அரை, வள்ளத்தை ஓட்டுகிறவருக்கு ஒன்றரை; மீனைப் பிரிக்கத் தொடங்கிய அந்த அளவு நாளாவட்டத்தில் கரையேறி, கல்யாணப் பந்தியிலும் கோயில் வரிசையிலும் உட்கார்ந்துகொண்டது. ஒன்றரைப் பங்குக்காரர் வந்தால் முக்கால் பங்குக்காரன் எழுந்து இடம் விடுவான். ஆகவே அரை ஆள் என்ற பேச்சு யாருக்கும் புதிதில்லை. கரமடி வலை இழுக்கப் பனிதாசனைக் கூப்பிட்டார்கள், அவன் பாதி இழுத்தான், அரைப் பங்கு மீனைக் கொடுத்தனுப்பினார்கள்.

வில்லங்கமெல்லாம் மற்றதில்தான் வந்தது. அடக்கப் பூசை செல்லுமா செல்லாதா என்று கோயில் கமிட்டி கூடி, பாதி செல்லும் என்று முடிவு செய்தது. குழிக்குள் கிடக்கிற சட்டை கிடக்கட்டும், சிலுவையை மட்டும் கொஞ்சம் சாய்த்து நட்டால் போதும் என்றார்கள். மெற்றில்டா கழற்றி வைத்த தாலியைத் திரும்பப் போடலாமா என்று பெண்கள் கேட்டபோது ஃபாதர் நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு, வாரத்தில் மூன்றரை நாள் போடலாம் என்றார். அவளும் அப்படியே செய்தாள்: திங்கள் காலை போட்டு, வியாழன் நண்பகல் மணி அடித்ததும் கழற்றி ஆணியில் மாட்டினாள். போடும்போது சந்தோஷம் இல்லை, கழற்றும்போது துக்கமும் இல்லை. அரைப் பெண்டாட்டி, அரைக் கைம்பெண்டாட்டி என்று ஊர்ப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதும் அவள் காதில் விழத்தான் செய்தது.

அவள் அவனுக்குச் சோறு வைப்பாள், அவன் தின்பான், அவன் தின்று முடித்த பிறகு அவள் தின்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் அந்த வீட்டுப் பழக்கம். திரேசா மைனிக்கு அது பொறுக்கவில்லை. "சாவப் போயிட்டு வந்திருக்கான், கூட உக்காந்து ரெண்டு வாய் தின்னாத்தான் என்ன, கொறஞ்சா போவே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு வந்தாள். மெற்றில்டா தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அயிலைக் குழம்பும் சோறும் சாப்பிட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் கரமடிக் கயிற்றைப் பிடித்தவனைக் கயிறே இழுத்துக்கொண்டு போனது. தராசில் ஏற்றினால் பதினாறு கிலோ.

ஊர் திகைத்தது இதற்குத்தான். பாதியாக வந்ததில் அவர்களுக்குக் கேள்வி இல்லை, கடலுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும்; ஆனால் பெண்டாட்டியோடு ஒரு வேளை சோறு தின்றவன் எப்படிக் குறைவான்? அந்த நேரம் பார்த்து மீன் வாங்க வந்தவள்தான் ஷைனி டீச்சர். கான்வென்ட் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், அந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், அதனால் எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் கற்றுக்கொள்ளாதவள். தராசு முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அரையை அரையால பெருக்குனா கால். கணக்கு சரியாத்தான் இருக்கு."

"பெருக்குனா கூடத்தானே செய்யும் டீச்சர்? கல்யாண வீட்டுல பெருகணும் பெருகணும்னுதானே வாழ்த்துறோம்?" என்றார் ஒரு பெரியவர்.

"ஒண்ணுக்கு மேல உள்ளதால பெருக்குனா கூடும். ஒண்ணுக்குக் கீழ உள்ளதால பெருக்குனா கொறையும். கூட உக்காந்து தின்ன ஆளு எவ்வளவோ, அவ்வளவால இவங்க பெருகுறாங்க."

"அப்ப மெற்றில்டா...?"

டீச்சர் அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் மெற்றில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தன்னைப் பாதி என்று சொல்லிவிட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள், வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அப்படித்தான் முள்ளந்துறையில் பின்ன வகுப்பு தொடங்கியது. சாயங்காலம் கோயில் கூடத்தில் ஆணும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள், வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டே கேட்டார்கள், பீடி பிடிக்கிறவர்கள் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார்கள். அரையில் அரை எப்படிக் கால் ஆகும் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியபோது ஒருவருக்கும் ஏறவில்லை. அவள் கோயில் கூடத்து மூலையில் கிடந்த வலைத் துண்டு ஒன்றை விரிக்கச் சொன்னாள். நீளத்தில் பாதியாக மடிக்கச் சொன்னாள், மடித்தார்கள். அப்படியே அகலத்திலும் பாதியாக மடிக்கச் சொன்னாள், மடித்தார்கள். "இப்ப கையில இருக்கது எவ்வளவு?" என்றாள். "கால் வலை" என்று கூடமே சொன்னது, சொல்லிவிட்டு இதுதானா சங்கதி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

வழி கிடைத்த மாதிரி இருந்தது. ஒன்றுக்கு மேலே இருக்கிற ஆளோடு அவனை உட்கார வைத்துச் சோறு போட்டால் கூடிவிடுவான். ஒன்றுக்கு மேலே இருக்கிற ஆள் யார்? அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஊரே திரும்பி அருளப்பனைப் பார்த்தது. ஒன்றரைப் பங்குக்காரர், ஊரிலேயே பெரிய வள்ளத்தை ஓட்டுகிறவர், கோயிலில் முதல் வரிசை. புயலில் மகன் போன பிறகும், மாதம் ஒன்று முடியுமுன் கடலுக்குப் போனவர், துக்கம் கேட்கப் போனவர்களிடம் சூரை மீன் விலையைப் பேசி அனுப்பியவர். ஆம்பிளைன்னா அவரு ஆம்பிளை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கால் என்பதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஒன்றரையில் இருக்கிற ஒன்று முழுசு, முழுசை யார் என்ன செய்ய முடியும், அது அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, காலை அரையால் மட்டும் பெருக்கினார்கள், அரைக்கால் வந்தது, ஓரமாக வைத்த ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் சேர்த்து ஒன்றே அரைக்கால் என்று எழுதினார்கள். ஒன்றே அரைக்கால் பனிதாசன்! எழுபத்திரண்டு கிலோ! போனபோது இருந்ததைவிட எட்டுக் கிலோ கூட! கூடத்தில் கைதட்டல் எழுந்தது. திரேசா மைனி மெற்றில்டாவைக் கட்டிப்பிடித்து, "சட்டை பத்தாதுட்டி இனி, புதுசு தைக்கணும்" என்றாள்.

ஷைனி டீச்சர் பலகையை அழித்தாள். "அப்பிடிச் செய்யக் கூடாது. முழுசைத் தனியா வச்சிட்டுத் துண்டை மட்டும் பெருக்குனா தப்பு. முழுசையும் அதே மாதிரி பாதி பாதியா ஒடச்சிக்கணும். ஒண்ணுல ரெண்டு பாதி, கூட ஒரு பாதி, ஆக மூணு பாதி. அப்புறந்தான் பெருக்கணும்."

"முழுசா இருக்கதை எதுக்கு ஒடைக்கணும்?" என்று அருளப்பன் கேட்டார். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான்.

"ஒடைக்காம பெருக்க முடியாது மாமா" என்றாள் டீச்சர்.

சரியாகப் போட்டபோது காலே அரைக்கால் வந்தது. இருபத்து நாலு கிலோ. எழுபத்திரண்டைக் கேட்டுவிட்டு இருபத்து நாலைக் கேட்டதும் கூடம் சப்பென்று ஆகிவிட்டது, இருந்தாலும் பதினாறுக்கு அது எவ்வளவோ மேல், நாலு தடவை அவரோடு சாப்பிட்டால் ஆள் தேறிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் நண்பகல் அருளப்பன் வீட்டில் நெய்மீன் வறுத்துச் சோறு போட்டார்கள். வாசலில் பாதி ஊர் நின்றது. பனிதாசன் சின்னச் சின்ன வாயாகத் தின்றான். அருளப்பன் பெரிய உருண்டைகளாக உருட்டித் தின்றார், இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றார், வறுத்த மீனின் முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மெற்றில்டா கதவோரம் நின்று பார்த்தாள். அவர் ஒரு உருண்டையை வாய் வரை கொண்டுபோய், எதிரே இருந்த காலி மணையைப் பார்த்து, ஒரு நிமிஷம் நிறுத்தி, பிறகு போட்டுக்கொண்டதை அவள் ஒருத்திதான் கண்டாள்.

விடிந்ததும் தராசு பன்னிரண்டு காட்டியது.

யாருக்கும் பலகை வேண்டியிருக்கவில்லை, அதற்குள் எல்லோரும் மனக்கணக்குக்குப் பழகியிருந்தார்கள். பதினாறு, பன்னிரண்டு. முக்கால். பங்கில் ஒன்றரையாக இருந்தவர் ஆளில் முக்கால்தான் இருந்தார், எப்போதிலிருந்து என்று கேட்கவும் தேவையில்லை. அருளப்பன் முள்ளைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். தராசு பழுது என்று சொல்ல வாயெடுத்தவர், "ரூபன்..." என்று ஆரம்பித்து, ஈர மணலில் முட்டுக் குத்தி உட்கார்ந்து, ஏலம் எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் பார்க்கப் பார்க்க ஓவென்று அழுதார். ஊர் ஆண்கள் எல்லோரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். மெற்றில்டா அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு வருகிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அதன் பிறகு பனிதாசனோடு உட்கார ஒருவரும் வரவில்லை. வெறுப்பினால் அல்ல. அவனைக் கண்டால் இப்போதும் "என்ன மக்கா, சொகமா?" என்று நின்று பேசினார்கள், ஆனால் சோற்று வேளையானால் ஊருக்கே இப்போதுதான் சாப்பிட்டு முடிந்திருந்தது. ஃபாதருக்கு அன்றைக்கு உபவாசமாக இருந்தது. தவக்காலம் வர இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. பிள்ளைகளோடு உட்கார வைக்கலாமே, பிள்ளைகள் முழுசாகத்தானே இருக்கும் என்று யாரோ வகுப்பில் சொன்னபோது தாய்மார் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். புயல் எல்லா வீட்டுக் கூரையையும்தான் தொட்டுவிட்டுப் போயிருந்தது. தான் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை, தன் பிள்ளை எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள அதைவிட இல்லை.

பன்னிரண்டு கிலோ ஆள் கடற்கரையில் நிற்பது லேசான காரியமில்லை. மதியக் காற்று கிளம்பினால் அவன் கைலி விரிந்து, பாதம் மணலை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. மெற்றில்டா வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அவிழ்த்து அவன் சட்டைப் பைகளில் போட்டு, பையின் வாயைத் தைத்தாள். கரமடிக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனைத் தனியாக உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு, வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அவன் குறையாமல் இருக்க வேண்டுமானால் அவள் அவனிடமிருந்து தள்ளி இருந்தால் போதும். உப்புப் போட்டு வைத்த கருவாடு போல அவனை இப்படியே வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். பன்னிரண்டு எப்போதும் பன்னிரண்டு.

ஆனால் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். தட்டை வைத்தால் தட்டைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். "நீ வாட்டி" என்றான். குரல் காதருகே கொசு பறந்த மாதிரி இருந்தது. "வந்தா நீங்க கொறஞ்சிருவீங்க" என்று வெளியிலிருந்தே சொன்னாள். "கொறயட்டும்" என்றான். இரண்டு நாள் அப்படியே சோறு காய்ந்து கிடந்தது. தள்ளி நின்றால் பட்டினியில் போய்விடுவான், கிட்டே போனால் கணக்கில் போய்விடுவான். இதில் எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வகுப்புக்கு அவளும் அருளப்பனும் மட்டும்தான் வந்திருந்தார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றரையையும் இரண்டே முக்காலையும் பெருக்கிக்கொண்டிருந்தார், முழுசுகளை முதலில் உடைத்து வைத்துக்கொண்டு, நிதானமாக, ஒன்றும் தப்பாமல்.

"டீச்சர், நான் அவியளோட தினமும் உக்காந்து தின்னா எத்தன வேளையில தீந்துபோவாவ?" என்று மெற்றில்டா கேட்டாள். வேறு யாருடைய கணவனைப் பற்றியோ கேட்பதுபோல இருந்தது அவள் கேட்டது.

ஷைனி டீச்சர் பலகையில் எழுதினாள். பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்றரை, முக்கால். காலே அரைக்கால் வரை போய், அதற்குக் கீழேயும் போய், பலகையின் ஓரம் வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "தீராது அக்கா. பாதில பாதி, அதுல பாதின்னு எழுதிக்கிட்டே போகலாம். சின்னதா ஆகும், நெத்திலி அளவு ஆகும், உப்புக்கல்லு அளவு ஆகும். தீந்துமட்டும் போகாது."

"பின்ன என்ன செஞ்சா தீரும்?"

"சைபரால பெருக்குனா. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் சரி, சைபரோட சேந்தா அந்த எடத்துலேயே இல்லாமப் போயிரும்."

மெற்றில்டா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சைபருன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

டீச்சருக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"அன்னைக்கு அவிய பக்கத்துல உக்காந்தேன் பாத்தியளா. எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். பாசம் இல்ல, அழுகை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் சட்டியாத்தான் உக்காந்திருந்தேன்."

"சைபரா இருந்தா அண்ணன் அன்னைக்கே போயிருப்பாங்களே" என்றாள் டீச்சர். "கால் மிச்சம் இருந்தாங்கல்லா. நீங்க அரை இருந்தீங்கக்கா. அவ்வளவுக்குப் பெறகும் அரை இருந்தீங்க."

பின்னால் அருளப்பன் பென்சிலைக் கீழே வைத்தார். மெற்றில்டா எழுந்து, முந்தானையை உதறி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே நடந்தாள். நடக்க நடக்கக் கால் வேகம் பிடித்தது. குருசடியைத் தாண்டும்போது உள்ளங்காலில் கிளிஞ்சல் குத்தியது, நின்று எடுத்துப் போட்டாள், மறுபடியும் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். சாளையைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். சோற்றை வடித்த கையோடு இரண்டு தட்டில் போட்டு, அவன் பக்கத்தில், முட்டு அவன் முட்டில் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். கிழமை வெள்ளி, தாலி ஆணியில் தொங்கியது. அதை எழுந்து எடுக்கத் தோன்றவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை அவளும் பார்த்தாள். நெற்றித் தழும்பின் ஊடாகப் பின்சுவர் தெரிந்தது, இருந்தாலும் முகம் அவன் முகம்தான், அதில் பசி இருந்தது.

"கொறஞ்சிருவீங்க" என்றாள்.

"தின்னுட்டி" என்றான்.

அவள் சோற்றைப் பிசைந்தாள். ஐந்து விரலிலும் ஒன்றாகச் சூடு ஏறியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "அய்யோ, சுடுது" என்றாள். சொன்ன மாத்திரத்தில் கண்ணிலிருந்து நீர் இறங்கி, தாடையில் வழிந்து, தட்டில் சொட்டத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"ஊதித் தின்னு" என்றான் பனிதாசன்.

அவள் ஒரு வாய்ச் சோற்றை எடுத்து, அவன் பறந்துவிடாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினாள்.